நிற்கும் காரும் ஓடும் காரும்: பழைய சொகுசுக் கார்களுக்கு எந்த ஸ்டியரிங்?

1920-களின் பெரிய சொகுசுக் கார் ஒன்றை நிறுத்திவைத்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். தோள்பட்டைவரை தெரியும். அதே கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும்போது விரல் நுனியால் பிடித்தாலே போதும் என்பார்கள் அதன் சொந்தக்காரர்கள். கார் நல்ல நிலையில் இருந்தால் அது பொய்யில்லை. நிற்கும் காரில் கனம், ஓடும் காரில் லேசு. இந்த இரண்டையும் ஒரே பிரச்சினையாக நினைத்துக்கொள்வதில்தான் பழைய கார்களை மீட்டெடுக்கிறவர்கள் தவறான இடத்தில் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

அவர்களுடைய கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்டியரிங் கனமாக இருக்கிறது, பழைய ஸ்டியரிங் பாக்ஸையே (வீலின் சுழற்சியைச் சக்கரத்தின் திருப்பமாக மாற்றும் பெட்டி) சரிசெய்வதா, வேறு பாக்ஸ் போடுவதா, அச்சிலும் டயரிலும் கைவைப்பதா, அல்லது மோட்டார் வைத்து பவர் ஸ்டியரிங் ஆக்குவதா? இது புதிய கேள்வியில்லை. 1906-க்கும் 1951-க்கும் நடுவே ரோல்ஸ் ராய்ஸின் ஊரான டெர்பியிலும் அமெரிக்கக் கார் நகரமான டெட்ராய்ட்டிலும் இதே நான்கு வழிகளைத்தான் முயன்று பார்த்தார்கள். யார் எதற்கு எந்த விலை கொடுத்தார்கள் என்று தெரிந்தால் நம் முடிவு எளிதாகிவிடும்.

முதலில் கனம் எவ்வளவு என்று ஒரு தோராயக் கணக்கு. முன் அச்சில் 1,000 கிலோ இறங்கும் கார், காய்ந்த சாலை, 60 பி.எஸ்.ஐ. காற்றுள்ள ஒல்லி டயர், 15-க்கு 1 விகிதமுள்ள (வீல் 15 பாகை சுற்றினால் சக்கரம் 1 பாகை திரும்பும்) ஸ்டியரிங் பாக்ஸ், 18 அங்குல ஸ்டியரிங் வீல் என்று வைத்துக்கொள்வோம். பாக்ஸுக்குள்ளேயே பாதி விசை உராய்வில் போகிறதென்றால், நின்ற இடத்தில் திருப்ப வீல் விளிம்பில் சுமார் 15 கிலோ இழுப்பு வேண்டும். இப்போது டயரை மட்டும் மாற்றி 30 பி.எஸ்.ஐ. பருத்த டயர் போடுங்கள். இழுப்பு 21 கிலோவைத் தாண்டிவிடும். காற்றழுத்தம் பாதியானால் டயர் தரையில் பதியும் பரப்பு பெருகுகிறது. அதைத் தேய்த்துத் திருப்பும் முறுக்கு ஏறக்குறைய 1.4 மடங்காகிறது. சரி, அந்தப் பருத்த டயரோடு, பாதிக்குப் பதிலாக ஐந்தில் ஒரு பங்கை மட்டும் விழுங்கும் பாக்ஸைப் போட்டால்? 13, 14 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. ஒல்லி டயரும் பழைய பாக்ஸும் இருந்தபோதைவிடக் குறைவு. விகிதத்தையும் மாற்றவில்லை, மோட்டாரும் வைக்கவில்லை. உராய்வை மட்டும் குறைத்தோம்.

அப்படியானால் தொடக்க கால என்ஜினீயர்கள் ஏன் உராய்வு மிகுந்த பாக்ஸைத் தேடித்தேடி வைத்தார்கள்? அறியாமையால் இல்லை. வேண்டும் என்றேதான் வைத்தார்கள்.

ஆரம்பத்தில் வீலே கிடையாது, படகுத் துடுப்பு மாதிரி ஒரு நெம்புகோல்தான். 1894-இல் பாரிஸிலிருந்து ரூவானுக்கு நடந்த ஓட்டத்தில் ஆல்ஃப்ரெட் வஷெரோன் தன் பன்ஹார்டு காரில் வட்ட வீலைப் பொருத்தி வந்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வீல் பரவத் தொடங்கிவிட்டது. பர்மிங்காமின் கார் என்ஜினீயர் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் மட்டும் பக்கவாட்டு நெம்புகோலை வெகுகாலம் விடவில்லை. அவர் வாதத்தில் நியாயம் இருந்தது: சாலை சொல்வது நேரே கைக்கு வரும். ஆனால் நெம்புகோலை ஒரு கை எட்டும் தூரத்துக்குமேல் நகர்த்த முடியாது. வீலையோ இரண்டு மூன்று சுற்றுக்கூடச் சுற்றலாம். கார் எடை கூடக்கூட அந்தச் சுற்றுகள் தேவைப்பட்டன.

நெம்புகோலிலும் முதல் வீல்களிலும் இருந்த பெரிய தொல்லை உதை. குதிரை வண்டிச் சாலையில் ஒரு கல்லில் முன்சக்கரம் மோதினால் வீல் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுழலும். கட்டைவிரல் கம்பிக்குள் மாட்டினால் அவ்வளவுதான். அதற்குக் கண்ட மருந்துதான் வார்ம்: ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு திருகு, அதோடு கோர்த்த பல் வட்டத்துண்டு. திருகின் சரிவு மிகக் குறைவாக இருந்தால் நாம் திருப்பினால் சக்கரம் திரும்பும், சக்கரம் திருப்பினால் நம் கை திரும்பாது. ஜாக்கியின் திருகு காரின் பாரத்தில் தானாக இறங்காமல் நிற்பதும் இதே காரணத்தால்தான்.

இங்கேதான் ஒரு கணக்கு குறுக்கே வந்து நிற்கிறது. எண்ணெய் போட்ட உலோகப் பற்களின் உராய்வுக் கெழு 0.1 என்றால், திருகின் சரிவு சுமார் 5.7 பாகைக்குக் கீழே இருந்தால்தான் உதை திரும்பி வராது. ஆனால் அந்தச் சரிவில் நம் கைவிசையில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது பாதிக்கும் குறைவு. இது எந்தத் தொழிற்சாலையின் குறையும் இல்லை, திருகின் இயல்பு. உதையே வராத பாக்ஸ் வேண்டுமென்றால் பாதிக்கு மேல் விசையை உராய்வுக்குக் கப்பம் கட்டியே ஆகவேண்டும். சரிவை 15 பாகைக்குக் கூட்டினால் எழுபது சதவீதம் போய்ச் சேரும்; திரும்பும் வழியிலும் அறுபது சதவீதம் வந்து சேரும். அதாவது கல்லும் பேசும், வளைவும் பேசும்.

வளைவு பேசுவதை அன்று எத்தனை பேர் விலைமதிப்பாக நினைத்தார்கள் என்பது வேறு. ஒன்றை மறந்துவிடக் கூடாது: இந்தக் கார்களை வாங்கியவர் பின்சீட்டில் உட்கார்ந்தார், ஓட்டியவர் சம்பளக்காரர். கை வலி டிரைவருடையது, அமைதி முதலாளியுடையது. சொந்தமாக ஓட்டும் பணக்காரர்கள் பெருகியபோதுதான் ஸ்டியரிங்கின் கை உணர்வு விற்பனைப் பேச்சுக்குள் வந்தது என்பது என் எண்ணம்.

ரோல்ஸ் ராய்ஸ் 40/50, அதாவது 1906-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் போன சில்வர் கோஸ்ட், கொஞ்சம் வேறு வழியில் போனது. பல் வட்டத்துண்டுக்குப் பதிலாகத் திருகை முழுவதும் சுற்றிப் பிடிக்கும் ஒரு நட். வார்ம் அண்ட் நட் என்பார்கள். பல் வட்டத்துண்டில் ஒரு நேரத்தில் ஓரிரு பற்கள்தான் சுமை தாங்கும். நட்டில் திருகின் பல சுற்றுகளும் சேர்ந்து தாங்குகின்றன. சுமை பரவுவதால் தேய்மானம் மெதுவாகிறது, ப்ளே (சக்கரம் திரும்பாமல் வீல் மட்டும் சும்மா ஆடும் தளர்வு) உண்டாக வெகுகாலம் பிடிக்கிறது. ஆனால் வழுக்கும் பரப்பு பெரிது. அந்தப் பரப்பு கச்சிதமாகப் பொருந்தியிருந்தால் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும், பொருந்தாவிட்டால் பிசின் தடவியதுபோல ஒட்டும். ஆகவே இதை எல்லாரும் செய்ய முடியவில்லை. ஃபிட்டரின் கைத்திறமைக்குச் செலவழிக்கத் தயாரான கம்பெனிக்கே இது சரிப்பட்டது. தேய்ந்தபின் திருகாணியை இறுக்கிச் சமாளிக்க இடமில்லை; நட்டையே புதிதாகச் செய்ய வேண்டும். அதே வீலின் நடுவில் இக்னிஷன் நேரத்தையும் என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரையும் இயக்கும் சிறு நெம்புகோல்கள் இருந்தன, அவற்றின் தண்டுகள் ஸ்டியரிங் குழாய்க்குள்ளேயே இறங்கின. இது பின்னால் பவர் ஸ்டியரிங் பேச்சில் திரும்ப வரும், நினைவில் வையுங்கள்.

இன்னொரு கூட்டம் வழுக்குவதை உருள்வதாக மாற்ற முயன்றது. இங்கிலாந்தின் மார்லஸ் பாக்ஸிலும் டெட்ராய்ட்டின் கெம்மர் பாக்ஸிலும் பல்லுக்குப் பதில் பேரிங்கில் சுழலும் ஓர் உருளை. அமெரிக்காவின் இண்டியானாவில் லஃபாயெட் நகரத்து டேவிட் ராஸ் 1906-இல் தொடங்கிய கம்பெனி, வளைந்த பள்ளத்தில் ஒரு முளை ஓடும் கேம் அண்ட் லீவர் பாக்ஸைச் செய்தது. அமெரிக்கச் சொகுசுக் கார் டூசன்பெர்க் ஜே அதைத்தான் பயன்படுத்தியது. (பர்டூ பல்கலைக்கழகத்தின் ராஸ்-ஏட் ஸ்டேடியத்தில் இருப்பது இந்த ராஸின் பெயர்தான். ஸ்டியரிங் பாக்ஸ் விற்று ஸ்டேடியம் கட்டிய ஆள்.) ரோல்ஸ் ராய்ஸும் கடைசியில் இந்தப் பக்கம் வந்தது: பன்னிரண்டு சிலிண்டர் ஃபேண்டம் III-இல் மார்லஸ் வகைதான். 1940-இல் காடிலாக்கில் வந்த சாகினா பாக்ஸ் (காடிலாக்கின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு செய்தது) நட்டுக்கும் திருகுக்கும் நடுவே எஃகுக் குண்டுகளை ஓடவிட்டது. ரோல்ஸின் நட்டுக்கு இருந்த தாங்குசக்தி, உருளைக்கு இருந்த லேசு, இரண்டும் ஒன்றாகக் கிடைத்தன. பெரிய கார்களும் லாரிகளும் அதற்குப் பிறகு நெடுங்காலம் அதையே வைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

உருளை பாக்ஸில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சூட்சுமம் உண்டு. அதன் திருகு நடுவில் இடுப்பு ஒடுங்கி, உடுக்கை போல இருக்கும். உருளை வில்லாக நகர்வதால் திருகையும் அந்த வில்லுக்கு ஏற்ப வெட்டியிருக்கிறார்கள். கார் பெரும்பாலும் நேராகத்தான் போகிறது, ஆகவே தேய்வதும் நடுப்பகுதிதான். அதைக் கருதி நடுவில் கோர்வை இறுக்கமாகவும் ஓரங்களில் சற்றுத் தளர்வாகவும் அமைக்கிறார்கள். தேய்ந்த பாக்ஸில் நடுவில் உள்ள ப்ளேயை முழுக்க எடுக்கிறேன் என்று மெக்கானிக் திருகாணியை இறுக்கினால், வளைவில் ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளும், நேராகத் திரும்பவும் வராது. பழைய காரை ஓட்டிப் பார்த்து வாங்கும்போது இதை முதலில் சோதியுங்கள். நேர்ச்சாலையில் கச்சிதமாக இருக்கிறதே என்று மயங்கிவிட வேண்டாம்.

மூன்றாவது வழி பாக்ஸைத் தொடாமல் அச்சைத் தொடுவது. 1923-இல் ஃபயர்ஸ்டோன் பருத்த குறைந்த அழுத்த டயரைக் கொண்டுவந்தது. அதே காலத்தில் முன்சக்கரங்களுக்கும் பிரேக் வந்தது. ரோல்ஸ் ராய்ஸ் 1924-இல் அதை ஏற்றது. சவாரி மெத்தையாகிவிட்டது. ஸ்டியரிங் மட்டும் கெட்டுப்போனது, அதுவும் இரண்டு விதமாக. ஒன்று நாம் மேலே கணக்குப்போட்ட கனம். மற்றது வாப்ளிங். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமும் வெறிபிடித்தது போல ஆடும்; வீலைப் பிடித்து நிறுத்த முடியாது.

என்ஜினீயர்கள் முதலில் பாக்ஸைத்தான் குற்றம் சொன்னார்கள். உண்மைக் காரணம் அச்சு. ஒரே தடியான அச்சில் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் இரண்டு சக்கரங்களும் சாய்கின்றன. சுழலும் பம்பரத்தைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். சுழலும் சக்கரமும் அப்படியே கிங்பின்னில், அதாவது முன்சக்கரம் இட வலமாகத் திரும்பும் அச்சாணியில், திரும்புகிறது. திரும்பியதும் மறுபடி சாய்வு, மறுபடி திருப்பம். பிரேக் டிரம்மும் பருத்த டயரும் சேர்ந்து எடை கூடியபோது இந்தச் சங்கிலி அடங்க மறுத்தது. டெர்பியிலும், பிறகு மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்த அமெரிக்க ரோல்ஸ் ராய்ஸிலும் வேலை பார்த்த மோரிஸ் ஆலி 1930-இல் காடிலாக்குக்குப் போனார். அங்கே அவர் தள்ளிய வழி, அச்சையே வெட்டி இரண்டு சக்கரங்களையும் தனித்தனியே தொங்கவிடுவது. 1934 காடிலாக்கில் அது விற்பனைக்கு வந்தது. சக்கரம் சாயாமல் ஏறி இறங்கினால் பம்பர வித்தைக்கு இடமில்லை. ஃபேண்டம் III-இன் முன்பக்கமும் ஜெனரல் மோட்டார்ஸ் காட்டிய அந்தப் பாதையில்தான் போனது.

என்னைக் கேட்டால் இந்தக் கதையில் மிகப் பெரிய திருப்பம் இதுதான், பவர் ஸ்டியரிங் இல்லை. வாப்ளிங் பயம் போனதும் பாக்ஸில் வேண்டுமென்றே உராய்வை வைக்க வேண்டிய காரணம் பாதி போய்விட்டது. சாலையும் மேம்பட்டதில் மீதியும் குறைந்தது.

இனி நான்காவது வழி. ஃப்ரான்சிஸ் டேவிஸ், பஃபலோவின் பியர்ஸ்-ஆரோ கம்பெனியில் லாரிப் பிரிவின் என்ஜினீயர். பெரிய லாரிகளைத் திருப்ப டிரைவர்கள் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தவர். 1920-களின் தொடக்கத்தில் வேலையை விட்டு மாசசூசெட்ஸின் வால்தமில் சொந்தப் பட்டறை போட்டார், ஜார்ஜ் ஜெஸப் என்ற கருவித் தொழிலாளியோடு சேர்ந்து எண்ணெய் அழுத்த ஸ்டியரிங்கைச் செய்து, ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் பொருத்தினார். 1926-இல் அதை டெட்ராய்ட்டுக்கு ஓட்டிச் சென்று காட்டினார். அவர் மூளை வேலை செய்த இடம் வால்வு: எண்ணெய் எப்போதும் குறைந்த அழுத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், கை விசை கொடுத்தால் மட்டும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறும். எப்போதும் உயர் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் முறைகளின் கசிவும் சூடும் இதில் இல்லை.

காடிலாக்கில் போட ஜெனரல் மோட்டார்ஸ் அவரோடு ஒப்பந்தம் செய்தது. பெரும் பொருளாதார மந்தம் வந்தது, செலவுக் கணக்குப் பார்த்து 1934-இல் கைவிட்டது. போர்க்காலத்தில் கவச வண்டிகளுக்கு அது பயன்பட்டது. மக்கள் வாங்கும் காரில் வந்தது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில், காலாவதியாகியிருந்த டேவிஸ் காப்புரிமைகளை வைத்து. மறு ஆண்டு காடிலாக். இரண்டையும் ஒப்பிட்டால் கை உணர்வு என்றால் என்ன என்று தெளிவாகும். கிரைஸ்லரில் ஒரு விரல் போதும். ஆனால் சக்கரம் ஐஸில் நிற்கிறதா தாரில் நிற்கிறதா என்று அந்த விரலுக்குத் தெரியாது. ஜெனரல் மோட்டார்ஸ் வால்வில் ஒரு ஸ்பிரிங்கை வைத்தது: கை அந்த ஸ்பிரிங்கை வெல்லும்வரை எண்ணெய் தலையிடாது. நேர்ச்சாலையில் அது கை ஸ்டியரிங், பார்க்கிங்கில் பவர் ஸ்டியரிங்.

ரேக் அண்ட் பினியனை விட்டுவிட்டேனே என்பீர்கள். 1903 காடிலாக்கிலேயே அது இருந்தது. விசை நேரே போகும், உதையும் நேரே வரும். ஒற்றை சிலிண்டர் லேசு வண்டிக்குச் சரி, இரண்டு டன் லிமூசினுக்கு அன்று யாரும் துணியவில்லை. 1936-இல் சிட்ரோயன் டிராக்ஸியோன் அவான் அதை எடுத்தபோது அதன் எடையும் சஸ்பென்ஷனும் வேறு. பழைய கனமான சேஸிஸில் அதைப் புகுத்துவது பற்றிப் பேசவே வேண்டாம்.

அப்புறம், இன்று ஒருவர் கையில் அப்படியொரு கார் இருந்தால் எது? என் வரிசை இது. 1930-க்கு முந்தைய தடி அச்சுக் கார் என்றால் பாக்ஸைத் தொடும் முன் கிங்பின். எடை முழுவதும் அதன் அடியிலுள்ள சிறு தாங்கியில் உட்கார்ந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் கிரீஸ் போகாமல் காய்ந்திருந்தால் எந்த பாக்ஸ் போட்டாலும் கனம்தான். என் மேற்கண்ட கணக்கில் இந்த உராய்வை நான் சேர்க்கவே இல்லை. அடுத்து டயர்: அந்தக் காருக்கு அன்று சொன்ன அளவும் அழுத்தமும். அகன்ற ரேடியல் போட்டுவிட்டு ஸ்டியரிங் கனம் என்று புலம்புவது நியாயமில்லை. காஸ்டர் கோணத்தை (பக்கத்திலிருந்து பார்த்தால் கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைக்க ஆப்பு வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கனம் குறையும், கூடவே வளைவு முடிந்ததும் வீல் தானாக நேராகும் குணமும் போய்விடும்.

பாக்ஸைப் பொறுத்தவரை, அசல் நட் வகையென்றால் புது நட் செய்து கொடுக்கும் நல்ல கடைசல் பட்டறை கிடைக்கும்வரை காத்திருங்கள். வேறு காரின் எஃகுக் குண்டு ஓடும் பாக்ஸைப் பொருத்தினால் கைக்கு உண்மையிலேயே லேசுதான்; எண்ணெய் வால்வும் மோட்டாரும் இல்லாமல் அவ்வளவு லாபம் தரும் வேறு வழி இல்லை. ஆனால் டிராக் லிங்கின் (பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) நீளமும் அதை இழுக்கும் பாக்ஸ் ஆர்மின் கோணமும் மாறினால் மேடு ஏறும்போதெல்லாம் கார் தானாகத் திரும்பும். அதைக் கணக்கிட்டுப் பொருத்தத் தெரியாதவர் கையில் இது மோசமான தேர்வு.

டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்துவைக்கும் எலெக்ட்ரிக் மோட்டார்? ஓட்டுபவருக்கு வயதாகிவிட்டது, தோள் ஒத்துழைக்கவில்லை, கார் கொட்டகையில் தூங்குவதா ஓடுவதா என்ற நிலை என்றால் தயங்க வேண்டாம், போடுங்கள். மற்றபடி இரண்டு தடைகள். பழைய சிறு டைனமோவுக்கு அந்த மோட்டார் பார்க்கிங்கில் இழுக்கும் மின்சாரம் பெரிய சுமை. சில்வர் கோஸ்ட் மாதிரி கார்களில் ஸ்டியரிங் குழாய்க்குள் இக்னிஷன் தண்டு ஓடுகிறது, குழாயை வெட்டினால் அதற்கு மாற்று வழி தேட வேண்டும். மோட்டாரின் பல்சக்கரமும் தன் பங்குக்கு உராய்வைச் சேர்க்கும். அது உதவாத வேகங்களில் முன்பைவிட மந்தமாகக்கூட இருக்கலாம்.

ஒரு பைசா செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டிராக் லிங்கைக் கழற்றிவிடுங்கள். சக்கரங்களை ஒரு கையால் இட வலமாகத் திருப்பிப் பாருங்கள். பிறகு உள்ளே உட்கார்ந்து வெறும் ஸ்டியரிங் வீலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை திருப்புங்கள். எந்தப் பக்கம் இறுக்கமோ அந்தப் பக்கம் வேலையைத் தொடங்குங்கள். இரண்டு பக்கமும் வெண்ணெய் போல இருந்தால் காரில் குறை எதுவும் இல்லை. கார் மெல்ல நகரத் தொடங்கிய பிறகு வீலைத் திருப்பிப் பழகுங்கள். அந்தக் காலத்து டிரைவர்கள் செய்ததும் அதுதான்.